இடது கால் பெருவிரலில் தொடங்கும் நிலம்

“நாங்கள் போவதை இந்த மண் பார்த்துக்கொண்டிருக்கும், பார்த்து முடித்த பிறகு அது…”

இதுவரைதான் சிலுவைமுத்துவுக்கு நினைவிருந்தது. அதற்குமேலும் ஆற்றுக்காரப் பெரியவர் நிறையவே பேசினார், கையை நீட்டி மரங்களைக் காட்டினார், குனிந்து தண்ணீரைக் காட்டினார், ஒரு தடவை நேராகச் சிலுவைமுத்துவையே காட்டினார். ஆனால் மொழிபெயர்க்க வந்திருந்த தோல் வியாபாரி சரியாக அந்த இடத்தில் தும்மினான், தும்மி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மொத்தத்தில் சம்மதம் என்கிறார்” என்று முடித்துவிட்டான். பார்த்து முடித்த பிறகு மண் என்ன செய்யும்? தூங்குமா, தேடுமா, மறந்துவிடுமா? ஏழு வருஷமாகச் சிலுவைமுத்து அந்த வாக்கியத்துக்கு ஒவ்வொரு வாலாக ஒட்டிப் பார்த்தான். எதுவும் ஒட்டவில்லை.

அமெரிக்கா என்று பின்னாளில் எல்லோரும் சொல்லப்போகிற கரையில், பெரிய வளைகுடா ஒன்றில் போய் விழும் ஆற்றின் ஓரமாக, இங்கிலாந்து ராஜாவின் பெயரால் காடுகளைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே நிலத்துக்கு ஒரு விதி இருந்தது. கடல் தாண்டி ஒரு தலையைக் கூட்டிவந்தால் ஐம்பது ஏக்கர். ஐம்பது ஏக்கர் அந்தத் தலைக்கு இல்லை, அந்தத் தலையைக் கப்பலேற்றியவருக்கு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே சங்குத்துறையில் வலை இழுத்துக்கொண்டிருந்த சிலுவைமுத்துவும் அவன் கூட்டாளி வியாகுலமும், ஒரு கப்பல் தலைவனுக்குச் சமையல் எடுபிடியாக ஏறி, லண்டனில் இறக்கிவிடப்பட்டு, இரண்டு குளிர்காலம் அங்கே நடுங்கி, ஏழு வருஷ ஊழியத்துக்கென்று படிக்கத் தெரியாத காகிதம் ஒன்றில் சிலுவைக் குறி போட்டு, இன்னொரு கப்பலேறி வந்து சேர்ந்தபோது, ரிச்சர்ட் பெனிக் என்ற துரைக்கு நூறு ஏக்கர் ஆனார்கள். வந்த வருஷமே ஆடிக் காய்ச்சலில் வியாகுலம் செத்துப்போனான். செத்த தலைக்கும் நிலம் உண்டா என்று பெனிக் துரை எழுத்தரிடம் கேட்டார். இறங்கும்போது உயிர் இருந்ததா என்று எழுத்தர் கேட்டார். இருந்தது. அப்படியானால் உண்டு என்றார் எழுத்தர், மை தொட்டு எழுதிக்கொண்டார், சிலுவைமுத்து என்ற பெயர் நீளமாக இருந்ததால் ‘சில்வர், கிழக்கிந்தியன்’ என்று அதையும் அப்படியே எழுதினார்.

ராஜா கொடுத்தால் போதுமா, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களிடமும் வாங்கிவிட்டால் பின்னால் தொல்லை இருக்காது என்று பெனிக் துரை ஆற்றுக்காரர்களுக்குத் துணியும் கோடாரியும் கொடுத்துச் சம்மதம் கேட்ட நாளில்தான் பெரியவர் பேசியதும், வியாபாரி தும்மியதும். நிலம் கைமாறும்போது அங்கே ஒரு வழக்கம்: விற்பவர் அந்த நிலத்திலிருந்து ஒரு புல்கட்டி மண்ணையும் ஒரு மரக்கிளையையும் எடுத்து வாங்குபவர் கையில் வைக்க வேண்டும், சாட்சிகள் பார்க்க வேண்டும், அதோடு நிலம் அவருடையது. பெனிக் துரையின் வலது கையை அதற்கு முந்தின வாரம்தான் குதிரை கடித்திருந்தது. கட்டுப் போட்டு மார்போடு தூக்கிக் கட்டியிருந்தார். இடது கையால் வாங்குவது நன்றாயிருக்காது என்று, “சில்வர், நீ வாங்கு. வேலைக்காரன் கை எசமான் கைதான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது” என்றார்.

சட்டம் அப்படிச் சொல்லலாம். ஆனால் சிலுவைமுத்துவின் கை சங்குத்துறையில் வளர்ந்த கை. யாராவது மண்ணைக் கையில் கொடுத்தால் என்ன செய்யவேண்டும் என்று அதற்குத் தெரியும், அதை யாரும் அதற்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினான், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான், ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் போட்டுக்கொண்டான். சாட்சிகள் சிரித்தார்கள். பெனிக் துரையும் சிரித்தார். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் சகோதரி மகள்களிடம் அவனைக் கைகாட்டி ஏதோ சொன்னார். புல்கட்டியையும் கிளையையும் சிலுவைமுத்து துரையிடம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தான். நாக்கில் போட்ட சிட்டிகை கரைந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆறு மாதம் கழித்து, பீப்பாய்ப் பலகைக்கு மரம் வெட்டிவர அவனை ஆற்றின் மேலே நாலு மைல் தூரத்துக்குத் துரை அனுப்பினார். இரண்டு இரவு அங்கே ஓலைக் குடிசை போட்டுப் படுத்தான். மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது நிலம் வந்திருந்தது. அவன் தலைமாட்டில் துரையின் பாதி கட்டிய வீடு, அதன் பின்னால் இடி விழுந்து பிளந்த ஓக் மரம், அந்தப் பக்கம் ஓடை, ஓடையில் மீன், ஓடைக்கரையில் துரையின் ஆறு பன்றிகள், பன்றிகளுக்குக் கொஞ்சம் மயக்கம், அவ்வளவுதான். அங்கே முன்பிருந்த காடு, படகுப் பலகையில் இன்னொருவர் உட்கார வந்தால் ஆட்கள் நகர்ந்து இடம் கொடுப்பதுபோல, இரண்டு பக்கமும் நகர்ந்து நின்றிருந்தது. சிலுவைமுத்து வெட்டிய மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கீழே நடந்தான். பழைய இடத்தில், பாயைச் சுருட்டி எடுத்த தரைபோல, ஐம்பது ஏக்கருக்கு வெளுத்த மஞ்சள் புல் கிடந்தது. கல்லைப் புரட்டினால் அடியில் இருக்குமே, அந்த மஞ்சள். ஓரத்தில் வியாகுலத்தின் தலைக்குக் கிடைத்த ஐம்பது ஏக்கர் அவனுடைய கல்லறையோடு அசையாமல் கிடந்தது. படுத்துவிட்டவனுக்குப் போக இடம் ஏது?

“என் வீடு எங்கே?” என்றார் பெனிக் துரை.

“மேலே இருக்கு துரை. நாலு மைல்.”

“பன்றிகள்?”

“ஆறும் இருக்கு.”

துரை கொஞ்ச நேரம் மஞ்சள் புல்லைப் பார்த்தார். பிறகு, “போய்க் கூட்டிவா” என்றார், ஓடிப்போன மாட்டைச் சொல்வதுபோல.

இரண்டு இரவு பழைய இடத்தில் படுத்தான், நிலம் திரும்பிவந்தது. அந்த வட்டாரத்தில் அதைப் பற்றிப் பேச்சு ஒரு மாதம் இருந்தது, பிறகு புகையிலை நடவு வந்தது, பேச்சு நின்றது. பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது கடவுளுக்கு விரோதமா என்று ஆராயத் தொடங்கி, பசி நேரம் வந்துவிட்டதால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்து, அடுத்த வாரம் வேறு விஷயம் பேசினார். பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலி போடும்போது கொஞ்சம் இடம் விட்டுப் போட்டார்கள். ஓடத்துறையில் சமையல் பார்த்த மதலேனாள் மட்டும்தான் அதைப் பற்றி விடாமல் பேசினாள். அவள் தரங்கம்பாடிக்காரி, ஒரு தளபதி வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தவள், குழந்தை வளர்ந்து இவளை மறந்துவிட்டது, அந்தக் கரையில் சிலுவைமுத்துவோடு தமிழில் பேச மிஞ்சியிருந்த ஒரே ஆள்.

“என்னடா தம்பி, ஐம்பது ஏக்கரா உன் வாலைப் புடிச்சிக்கிட்டு வருதாமே?”

“துரை நிலம்க்கா.”

“துரை நிலம்னா துரை பின்னால போவணும். உன் பின்னால ஏன் வருது? சோறு கீறு போட்டியா?”

“நான் எங்க போட்டேன். நான்தான் அதைத் தின்னேன், ஒரு சிட்டிகை.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு மதலேனாள் ரொட்டி மாவை ஓங்கி அடித்தாள். “தின்னா செமிக்கணும்ல.”

பட்டயம் எழுத அளவுகாரர் வந்தார். காப்ளின் என்று பெயர், ஒல்லியான மனிதர், தன்னுடைய இரும்புச் சங்கிலியைக் குழந்தைபோல எண்ணெய் போட்டுத் துடைப்பார். நிலத்தின் எல்லை எழுதுவதென்றால் அசையாத ஒன்றில் தொடங்க வேண்டும், ஒரு பாறை, ஒரு பெரிய மரம், அல்லது ஆற்று முனை. அங்கிருந்து வடக்கே இத்தனை கோல், கிழக்கே இத்தனை கோல் என்று சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும். முதல் தடவை ஓக் மரத்தில் தொடங்கினார்; சிலுவைமுத்துவை யாரோ ஓடத்துறைக்குக் கூட்டிப்போய் இரண்டு இரவு தங்கவைத்திருந்தார்கள், அளந்து முடிப்பதற்குள் ஓக் மரம் போய்விட்டது. இரண்டாம் தடவை பாறையில் தொடங்கினார். பாறையும் போனது. மூன்றாம் தடவை அவர் சிலுவைமுத்துவைக் கூப்பிட்டுத் தென்மேற்கு மூலையில் வெறுங்காலோடு நிற்கவைத்து, அவன் காலடியில் முளைக் குச்சி அடித்தார்.

“அசையாதே.”

“அசையலை ஐயா.”

“பெருவிரலை ஆட்டுகிறாய்.”

“எறும்பு கடிக்குது ஐயா.”

“ராஜாவின் அளவைக்கு எறும்பு ஒரு பொருட்டில்லை” என்றார் காப்ளின். அவர் எழுதிய எல்லை விவரம் இப்படித் தொடங்கியது: ‘சில்வர் என்னும் கிழக்கிந்தியனின் இடது கால் பெருவிரலில் தொடங்கி, அவன் எங்கு நிற்கினும், வடக்கே நூற்றுப் பத்துக் கோல்…’ ஓடத்துறை வீட்டில் கூடிய நீதிமன்றம், அதாவது சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஆறு புகையிலைத் தோட்டக்காரர்கள், அதைக் கேட்டு இரண்டு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லி, தவறு ஒன்றும் இல்லை என்று முத்திரை வைத்தது. ராஜாவின் நிபந்தனைகளும் அன்று வாசிக்கப்பட்டன. மூன்று வருஷத்துக்குள் வீடு கட்ட வேண்டும், ஓர் ஏக்கராவது பயிர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் எப்போதாவது மூன்று வருஷம் தொடர்ந்து அடுப்புப் புகையாமல், பயிர் நிற்காமல் கிடந்தால் நிலம் கைவிடப்பட்டதாகும், பட்டயம் செல்லாது.

நாளாக ஆக, ஜனங்கள் அந்த நிலத்தை உபயோகப்படுத்தவே கற்றுக்கொண்டார்கள். மாவு மில்லுக்குத் தண்ணீர் வற்றினால், “பெனிக், உன் ஆளைக் கொஞ்சம் அனுப்பேன்” என்று கேட்பார்கள், சிலுவைமுத்து மில்லுக்குப் பக்கத்தில் போய் இரண்டு இரவு படுப்பான், ஓடை வந்துவிடும். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கலியாணம், நிழலே இல்லாத வெட்ட வெளி, ஓக் மரம் வேண்டும் என்றார்கள். ஓடத்தில் அக்கரை போய்ப் படுத்தான், மூன்றாம் நாள் காலை நிலம் ஆற்றைக் கடந்து வந்து ஈரம் சொட்ட நின்றது, வேர்களில் சிப்பி ஒட்டியிருந்தது, இரண்டு பன்றிகளைக் காணோம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை நிலத்துக்காரர்கள் எல்லாரும் கூடி ஒவ்வொருவர் எல்லையையும் சுற்றி நடந்து, அடையாள மரங்களைப் புதிதாகக் கொத்திவிட்டு வருவது அங்கே வழக்கம். பெனிக் துரையின் எல்லைக்கு வரும்போது சிலுவைமுத்துவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். வசந்தத்தில் மீன் ஏறும் காலத்தில் ஆற்றுக்காரர்கள் ஓடையைத் தேடி வருவார்கள். அது எங்கே இருக்கிறதென்று யாரையும் அவர்கள் கேட்டதில்லை. மில் பக்கம் இருந்தாலும் அக்கரையில் இருந்தாலும் விடிந்தால் அங்கே அவர்களுடைய வலை இருக்கும்.

ஐந்தாம் வருஷக் கோடையில் இது எல்லை மீறிப்போயிற்று. கடும் வறட்சி. பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஓர் இரவு என்று சிலுவைமுத்துவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: அவன் இரண்டு இரவு ஒரே இடத்தில் படுத்தால்தான் நிலம் வந்து உட்காரும்; ஒரே இரவில் எழுந்து போய்விட்டால் அது அவன் தடம் பிடித்து ஒரு நாள் பிந்தி வந்துகொண்டே இருக்கும், எங்கேயும் படியாது. அப்படி ஒரு மாதம் அலைந்ததில் புகையிலை நாற்று அத்தனையும் வெளுத்துச் செத்தது, வீட்டு அடுப்பில் என்ன ஊதியும் தீப்பிடிக்கவில்லை, கதவைத் திறந்தால் வாசல் வேறு பக்கம் இருந்தது. யாருக்கும் தண்ணீரும் கிடைக்கவில்லை. பெனிக் துரை வீடு வீடாகப் போய்க் கத்தினார். “இப்படியே மூன்று வருஷம் போனால் என் பட்டயம் போயிற்று! இனி ஒருத்தனும் கேட்கக் கூடாது!” அன்றிலிருந்து சிலுவைமுத்து மஞ்சள் புல் இருந்த பழைய இடத்தைத் தாண்டக் கூடாது என்றாயிற்று. அடையாள மரம்வரை போகலாம், வியாகுலத்தின் கல்லறைவரை போகலாம், ஞாயிற்றுக்கிழமை ஓடத்துறைக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பலாம்.

அந்த எல்லைக்குள் நடந்துகொண்டு அவன் நாள் எண்ணினான். சங்குத்துறையில் அவன் மனைவி செபஸ்தியம்மாளை ஆறு மாதக் கர்ப்பத்தில் விட்டு வந்திருந்தான். லண்டனில் ஒரு நாகப்பட்டினத்து மாலுமி, பெண்குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று சேதி சொன்னான். என்ன பெயர் வைத்தார்கள் என்று அவன் சொல்லவில்லை, இவனும் கேட்க மறந்துவிட்டான். அந்தக் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. பெயர் தெரியாத பிள்ளையை நினைப்பது எப்படி என்றுகூட அவனுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பான், பெரியவரின் வாக்கியத்துக்கு வால் ஒட்டிப் பார்ப்பதுபோலத்தான்.

ஏழு வருஷம் முடிந்தது. நீதிமன்றம் கூடி ஒரு பகல் முழுக்கக் குழம்பியது. நிலம் பெனிக்குடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆள் இன்று முதல் பெனிக்குடையவன் இல்லை, அதிலும் சந்தேகமில்லை. ஆள் போனால் நிலம் போகும். நிலத்தைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் ஆளைப் பிடித்துவைக்க வேண்டும், ஆளைப் பிடித்துவைக்கச் சட்டமில்லை. ஒருவர் காலை வெட்டலாமா என்று கேட்டார், தமாஷுக்குத்தான். ஆனால் காப்ளின் பதறிப்போய், பெருவிரல் போனால் பட்டயத்துக்குத் தொடக்கமே போய்விடும் என்று எழுந்து நின்று ஆட்சேபித்தார். கடைசியில் தீர்ப்பு எழுதினார்கள்: ‘நிலம் ரிச்சர்ட் பெனிக்குடையது. கால் சில்வருடையது.’

அன்று பெனிக் துரை முகம் சுண்டி வீட்டுக்குப் போனார். நாலு நாள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டு வந்தார்.

“சில்வர், நீ ஊருக்குப் போக வேண்டாமா?”

“போகணும் துரை.”

“வளைகுடாவில் கப்பல் நிற்கிறது, இன்றிலிருந்து பதினோராம் நாள் கிளம்புகிறது. லண்டன், அங்கிருந்து உங்கள் கரை. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். மகளைப் பார்க்க வேண்டாமா? போ, போ.” தோளில் தட்டினார். ஏழு வருஷத்தில் முதல் தடவை. “ஆமாம், உங்கள் துறையில் முத்து எடுக்கிறார்களாமே? பெரிய கப்பல் வந்து நிற்குமளவுக்கு ஆழமா?”

“தெரியாது துரை. நாங்க கட்டுமரம்தான்.”

“பரவாயில்லை, பரவாயில்லை” என்றார் துரை. “பார்த்துக்கொள்ளலாம்.”

அன்று பகல் சிலுவைமுத்து ஓடத்துறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். மதலேனாள் வாத்துக்குச் சிறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கப்பல் விஷயத்தைச் சொன்னதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உடனே அதை வாத்துச் சிறகு பட்டதால் வந்த தண்ணீராக்கிவிட்டாள்.

“போடா தம்பி. போய் அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு. நிலம் என்னடா பண்ணும், கடல்ல முங்கிச் சாவட்டும்.”

“அது ஆத்தையே தாண்டிச்சேக்கா.”

“ஆமா, தாண்டிச்சு.” அவள் கை நின்றது. “அப்ப கடலையும் தாண்டுமோ? சங்குத்துறைக்கு வருமோ? நல்லாயிருக்கும்டா, நம்ம கரையில அந்த ஓக் மரம் நின்னா, ஆளுங்க வலை காயப் போடலாம்…” பேசிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். “துரை என்ன சொன்னான்? முழுசாச் சொல்லு.”

சொன்னான். முத்து, கப்பல், ஆழம்.

“பட்டயத்துல நிலம் எங்க தொடங்குதுன்னு எழுதியிருக்கு?”

“என் கால் பெருவிரல்ல.”

“வேற என்ன எழுதியிருக்கு?”

“நான் எங்க நின்னாலும்னு.”

மதலேனாள் வாத்தைக் கீழே வைத்தாள். “உன் கால் சங்குத்துறையில நின்னா?”

சிலுவைமுத்து தன் காலைப் பார்த்தான். சேறு காய்ந்த சாதாரணக் கால். அது சங்குத்துறை மணலில் இரண்டு இரவு தங்கினால், மாதா கோயிலும் குடிசைகளும் கல்லறைத் தோட்டமும் இரண்டு பக்கமும் நகர்ந்து இடம் விட, ஐம்பது ஏக்கர் ஈரம் சொட்ட வந்து உட்காரும். அடுத்த கப்பலில் முத்திரை வைத்த பட்டயத்தோடு பெனிக் துரை வந்து இறங்குவார், கூடவே காப்ளினும் சங்கிலியும். செபஸ்தியம்மாளின் அடுப்பு துரையின் நிலத்தில் எரியும். பெயர் தெரியாத அந்தப் பெண் துரையின் நிலத்தில் ஓடி விளையாடும்.

“அப்ப நான் போகக் கூடாதாக்கா?”

“நான் சொல்லமாட்டேன்டா” என்றாள் மதலேனாள். “போன்னு சொன்னாலும் பாவம், இருன்னு சொன்னாலும் பாவம். என்னைக் கேக்காத.”

மீன் ஏறும் பருவம். ஓடையில் ஆற்றுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஏழு வருஷத்தில் அவர்கள் பேச்சு கொஞ்சம் பிடிபட்டிருந்தது. தும்முகிற வியாபாரி இல்லாமலே பேசலாம். பெரியவருக்கு இப்போது முதுகு வளைந்திருந்தது, தண்ணீருக்குள் இறங்காமல் கரையில் உட்கார்ந்து சகோதரி மகள்களை அதட்டிக்கொண்டிருந்தார். சிலுவைமுத்து அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஏழு வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டான்.

“நாங்கள் போவதை மண் பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொன்னீர்களே ஐயா. பார்த்து முடித்த பிறகு என்ன செய்யும்?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொன்னீர்கள். அன்றைக்கு. துணி, கோடாரி எல்லாம் கொடுத்த அன்றைக்கு.”

பெரியவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “அன்றைக்கு வெயில்” என்றார். “நீங்கள் எல்லோரும் தொப்பி போட்டிருந்தீர்கள்.” பிறகு மகள்களைக் கூப்பிட்டுக் கேட்டார். மூத்தவள், மாமா மீனைப் பற்றித்தான் பேசினார் என்றாள். இளையவள், இல்லை, கொடுத்த கோடாரி மட்டம் என்று திட்டினார் என்றாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்து, அதில் ஒரு மீன் நழுவிப்போய், அதற்கும் வாக்குவாதம் வந்தது.

“என்னைக் கை காட்டினீர்களே, அது எதற்கு?”

“நீ மண்ணைத் தின்றாய். பசிக்கிறதோ என்னவோ, அவனுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றேன்” என்றார் பெரியவர். “கொடுத்தார்களா?”

“இல்லை.”

“அப்படித்தான் இருக்கும்.”

சிலுவைமுத்து அவர் பக்கம் இன்னும் நகர்ந்து உட்கார்ந்தான். கடைசியாகக் கேட்டான்: துரைமார் ஒப்பந்தம் எழுதி மேற்கே ஒரு கோடு போட்டு உங்களை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்களே, அங்கே உங்களோடு வந்து நான் இருந்துவிடட்டுமா, நிலம் என் பின்னால் உங்களிடமே வந்துவிடும்.

“வராதே” என்றார் பெரியவர், யோசிக்காமல். “நீ வந்தால் அது வரும். அது வந்தால் அவனும் வருவான்.” பிறகு ஓடையைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு இது எங்கே இருக்கும்? அதைச் சொல்லு. வலையைக் காயவைக்க வேண்டும்” என்றார்.

மிச்சமிருந்த நாட்களில் சிலுவைமுத்து ஒன்றும் தெளிவாக நினைக்கவில்லை. போனால் சங்குத்துறை துரையுடையதாகும். இருந்தால், இன்னும் ஒரு தடவை அக்கம்பக்கத்தார் எல்லையைச் சுற்றி நடந்துவிட்டால், மூன்றாவது நடையாகிவிடும், அதற்குப் பிறகு அந்த எல்லையை எந்த நீதிமன்றத்திலும் யாரும் கேள்வி கேட்க முடியாது. அவன் நாற்காலியில் உட்கார்ந்தே கிழவனாவான். மேற்கே போனால் ஆற்றுக்காரர்களுக்கு மிஞ்சியிருக்கும் நிலமும் போகும். வியாகுலத்தின் கல்லறைமேல் போய் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்குப் பிரச்சினை இல்லை, அவன் நிலம் அவனோடு இருந்தது. “நீ தப்பிச்சிட்ட மச்சான்” என்று சொன்னான். சொன்ன பிறகு, அது தப்பித்ததா என்ன என்றும் குழப்பமாக இருந்தது. நாக்கில் அந்த ஒரு சிட்டிகை மண் இன்னும் எங்கேயோ நறநறப்பதுபோல இருந்தது, துப்பினான், வெறும் எச்சில்தான் விழுந்தது.

பத்தாம் நாள் அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தான். தீ எடுப்பாகப் பிடித்தது, புகை நேராக மேலே போனது. அவன் ஊதுவதை நிறுத்திவிட்டு அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தபடியே இருந்தான்.

பதினோராம் நாள் காலை ஓடத்துறையில் நல்ல கூட்டம். கப்பலுக்குப் போகும் படகு கட்டியிருந்தது. பெனிக் துரை புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். காப்ளின் கப்பல் தலைவனிடம் கிழக்கிந்தியக் கரையின் வரைபடம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மதலேனாள் ரொட்டியும் உப்புப்போட்ட மீனும் ஒரு துணியில் கட்டி எடுத்துவந்து சிலுவைமுத்துவின் கையில் திணித்தாள்; மூட்டை கப்பல் பயணத்துக்குச் சின்னதாகவும் ஒரு நாள் நடைக்குப் பெரிதாகவும் இருந்தது.

“துரை, ஒரு சந்தேகம்” என்றான் சிலுவைமுத்து. “அடுப்பு புகையாம, பயிர் நிக்காம மூணு வருஷம் கிடந்தா பட்டயம் செல்லாதுன்னு வாசிச்சாங்களே. தொடர்ந்து மூணு வருஷமா, விட்டு விட்டா?”

“தொடர்ந்துதான்” என்றார் துரை, கப்பலைப் பார்த்துக்கொண்டே. “ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

“பட்டயம் செல்லாமப் போனா அதுல எழுதின எல்லை?” என்று காப்ளினிடம் கேட்டான்.

“எழுத்தே போனபின் எல்லை ஏது?” என்றார் காப்ளின். “ஏறு, ஏறு, நீரோட்டம் மாறுகிறது.”

படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். மதலேனாள் சிலுவைமுத்துவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் காலைப் பார்த்தாள்.

“புள்ளைக்குப் பன்னெண்டு வயசு ஆயிடும்டா” என்றாள், யாருக்கும் புரியாத தமிழில், மெதுவாக.

“ஆயிடும்க்கா.”

அவன் ஏறாமலே படகு கிளம்பியது. சிலுவைமுத்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றோரப் பாதையில் திரும்பினான். இனி மூன்று வருஷத்துக்கு எந்த இடத்திலும் இரண்டு இரவு படுப்பதில்லை என்று முடிவு செய்தான்.